நடாத முடிக்கு நிலுவை

தன் தலையில் முடி நட்டுக்கொண்டதும், அதற்கான தவணையைக் கட்டாமல் தலைமறைவாகிவிட்டதும் லிஃப்ட்காரருக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தெரியவந்தது.

அதுவரை அவர் தன்னை ஒரு சாதாரண வழுக்கைத் தலையர் என்றே எண்ணிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் உச்சந்தலையில் நாணயம் அளவுக்குத் தொடங்கிய விவகாரம், நாலா பக்கமும் சத்தமில்லாமல் பரவிக் காதோரம் வந்து நின்றிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் என்பதால் நாள் முழுக்க லிஃப்டுக்குள் மாட்டியிருக்கும் கண்ணாடிகளில் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வார். யாராவது அதில் முடி நட்டிருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

ஊருக்கெல்லாம் லிஃப்டைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். இதை நினைத்துச் சிரித்தது ஒரு காலம். பிறகு மனைவியின் முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துபோயின. ஒரு தடவை கீழே இறங்கி ஏறினால் அவளுக்கு மூன்று நாள் படுக்கை. காய்கறி வாங்க ஒரு கூடையில் கயிறு கட்டி இறக்குவாள். கூடை மேலே வரும்போதெல்லாம், "என்னையும் ஒருநாள் இதுல உக்கார வச்சு இறக்குங்க, கொஞ்சம் தெருவைப் பார்த்துட்டு வர்றேன்" என்பாள். "இத்தனை லிஃப்ட் பார்க்கறீங்களே, ஒண்ணை நைசா வீட்டுக்குத் தள்ளிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றும் கேட்பாள்.

ரொம்ப நாள் தேடித் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டர் அம்மா. வீடு பார்க்கப் போன அன்று லிஃப்ட்காரரின் மனைவி வாசலில் நின்றாள். உள்ளே போனாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள்.

"என்ன பண்றே?"

"ஒரு படிகூட இல்லைங்க" என்றாள், யாரோ தனக்கு நகை வாங்கிக் கொடுத்த மாதிரி.

பல் டாக்டர் அம்மா வாடகையைக் குறைத்தே சொன்னார். இரண்டே நிபந்தனைதான். குளியலறைக்குக் கதவு கிடையாது, அதைக் குடிவருகிறவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கடன் பாக்கியைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் சுத்தமாக இருக்க வேண்டும்.

"ஆளைப் பார்த்து வீடு கொடுக்கறதை நான் விட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா. "போன தடவை இருந்தவர் பார்க்க அவ்வளவு சாது. 'அம்மா அம்மா'ன்னுதான் பேசுவார். போகும்போது அந்தக் கதவைக் கழட்டிட்டுப் போயிட்டார். இப்ப நான் காகிதத்தைத்தான் பார்ப்பேன். ஆள் என்ன சொன்னாலும் காதுல வாங்கறதில்லை."

லிஃப்ட்காரர் தெம்பாகத்தான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனார். பிறந்ததிலிருந்து யாரிடமும் கடன் வாங்காத மனிதர். பல் டாக்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு அவர் தலையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"'கேச மறுமலர்ச்சி மையம். தவணை நிலுவை. வசூலுக்கு அனுப்பப்பட்டது'ன்னு போட்டிருக்கே."

"நான் அங்க போனதே இல்லீங்க."

"அது தெரியுது" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் யோசித்து, "இல்ல, போயும் சரியா வரலையோ என்னவோ. எனக்கு எதுக்கு அது. இந்த வரி எடுபட்டா வீடு உங்களுக்கு. மாசக் கடைசிவரை வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்து மனைவி தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"என்னங்க, நிஜமாவே போகலையா?"

"போயிருந்தா இப்படியா இருப்பேன்?"

"அதான். வேலை சரியில்லைன்னு பணம் கட்டாம வந்துட்டீங்களோன்னு கேட்டேன். எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆசைப்பட்டா சொல்லியிருக்கலாம்."

கடன் நன்மதிப்புப் பேரகம் என்பது அந்த ஊரில் உள்ள எல்லாருடைய நாணயத்தையும் ஒரே கட்டடத்தில் வைத்துப் பாதுகாத்து, அந்த ரிப்போர்ட்டையும் தருகிற நிறுவனம். அதன் ஆட்சேபணைப் பிரிவு ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டை பழுப்பேறிப் போயிருந்ததைப் பார்த்தால் லிஃப்டை வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள் போலிருந்தது. லிஃப்ட்காரருக்குக் கை அரித்தது. அடக்கிக்கொண்டு படியேறினார்.

அங்கே சுவரில், 'உங்கள் மதிப்பு எங்கள் கையில்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்தபடி உட்காருவதற்கு வசதியாக நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அங்கே வருகிறவர்களின் நாணயத்தைப் பற்றிப் பேரகத்துக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஆட்சேபணை அதிகாரி நல்ல மனிதர். நாற்காலியில் ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் சொன்னதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"போன வாரமே ஆட்சேபணையைத் தபால்ல போட்டிருந்தீங்களே. சரிபார்த்தாச்சு சார். சரியாத்தான் இருக்கு."

"எப்படிங்க சரிபார்த்தீங்க?"

"வசூல் கம்பெனியைக் கேட்டோம். இவர்தான் கடன்காரரான்னு. ஆமான்னாங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எங்க பதிவைப் பார்த்தாங்க. அதுல கடன்காரர்னு தெளிவா இருக்கே."

லிஃப்ட்காரர் இதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கீழே இருந்து மேலே போய், மேலே இருந்து கீழே வந்து, கதவு மட்டும் எங்கேயும் திறக்கவில்லை.

"அப்ப நீங்க அவங்களைக் கேக்கறீங்க, அவங்க உங்களைப் பார்க்கறாங்க."

"ரெண்டு தனித்தனி நிறுவனம் சார். ரெண்டும் ஒரே பதில் சொல்லுது. இதுக்கு மேல என்ன உறுதி வேணும்?" என்றார் அதிகாரி. அவர் குரலில் தற்பெருமைகூட இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

லிஃப்ட்காரர் வேறு வழியில்லாமல், வெயிலுக்குப் போட்டு வந்த தொப்பியைக் கழற்றினார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரியும் எழுந்து நின்று பார்த்தார்.

"இதை எப்படி எடுத்துக்கறது சார்? முடி இருக்கறவன் எவனாவது முடி நட்டுக்கப் போவானா? நீங்க தொப்பியைக் கழட்டாம இருந்தாலாவது எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நட்டது நிக்கலைங்கறது சேவைக் குறைபாடு. அது வேற கட்டடம்."

அடுத்த வாரம் லிஃப்ட்காரர் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று அரைநாள் லீவு போட்டுத் தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு அங்குலம் விடாமல் தேடிப் பார்த்து, 'இந்தத் தலையில் நடப்பட்ட முடி எதுவும் இல்லை' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஐந்து மாடி ஏறி அதைக் கொண்டுபோய் நீட்டினார்.

"இப்ப இல்லைன்னுதானே சார் எழுதியிருக்கார்" என்றார் ஆட்சேபணை அதிகாரி. "எப்பவுமே இருந்ததில்லைன்னு எழுதலையே. இருந்தாலும் கொடுங்க, சேர்த்துடறேன்."

சேர்த்தும்விட்டார். அடுத்து வந்த ரிப்போர்ட்டில் பழைய வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: 'வாடிக்கையாளர் தமது தலை தொடர்பாக மருத்துவரை அணுகியதை ஒப்புக்கொண்டுள்ளார்.' மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. போன் பண்ணிக் கேட்டதற்கு, ஒருவர் தன் ரிப்போர்ட்டை இப்படி அடிக்கடி விசாரித்தால் அவருக்கு ஏதோ பணமுடை என்று அர்த்தம், அதனால் குறையும் என்று விளக்கினார்கள். இந்த விளக்கம் கேட்டதே இன்னொரு விசாரணையாகக் கணக்கில் ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வசூல்காரர் வந்தார். வசூல்காரர் என்றால் மீசையும் மிரட்டலுமாக இருப்பார் என்று லிஃப்ட்காரர் நினைத்திருந்தார். நாலு மாடி ஏறி வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட்காரரின் மனைவிதான் சுவரைப் பிடித்து நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாதாம்மா?"

"கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் மட்டும்தான் இருக்கார். நீங்க தேடி வந்தவர்தான்."

வசூல்காரர் லிஃப்ட்காரரின் தலையை நிமிர்ந்து பார்த்தார். தொழில்முறைப் பார்வை.

"சார், முடிக் கேஸ் எல்லாம் நான்தான் பார்க்கறேன். எத்தனையோ தலை பார்த்தாச்சு. இது கைபட்ட தலையே இல்ல சார்."

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் அவரை நம்பிய முதல் ஆள். "இதை அப்படியே எழுதிக் கொடுங்களேன்" என்றார்.

"எழுத இடம் ஏது சார்?" என்று வசூல்காரர் தன் மெஷினைத் திருப்பிக் காட்டினார். "மூணே பட்டன்தான். கட்டினார், கட்டுவதாகச் சொன்னார், ஆள் இல்லை. இவர் ஆளே வேறன்னு பட்டன் கிடையாது."

"ஆள் இல்லைன்னு அமுக்கிடுங்களேன்" என்றாள் மனைவி.

"அமுக்கினா தேடுவாங்கம்மா. ராத்திரி பகல்னு பார்க்காம போன் வரும். உங்களுக்கு உபத்திரவம் இல்லாத பட்டனா நானே பார்த்து அமுக்கறேன்." மனசார நல்லது செய்கிற முகத்தோடு நடுப் பட்டனை அமுக்கிவிட்டு, படியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு இறங்கிப் போனார்.

'கடனை ஒப்புக்கொண்டு, கட்டுவதாக நேரில் உறுதியளித்துள்ளார்' என்று அடுத்த ரிப்போர்ட் சொன்னது.

மாசக் கடைசிக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. லிஃப்ட்காரர் கடைசியாக ஒரு தடவை பேரகத்துக்குப் போய் உட்கார்ந்தார். கோபம் எல்லாம் படியேறும்போதே தீர்ந்துபோயிருந்தது. ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். திரும்பினால், பின்வரிசையில் இன்னொருவரும் எழுந்து நின்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆளுக்கு நெற்றிக்கு மேலே அலையலையாக, கருகருவென்று, சினிமா போஸ்டரில் இருக்கிற மாதிரி முடி. லிஃப்ட்காரர் வாயைப் பிளந்தார். "போங்க சார், நீங்க முதல்ல போங்க" என்று சொல்லி அந்த ஆள் திரும்பியபோதுதான் தெரிந்தது. உச்சந்தலையிலிருந்து பிடரிவரை ஒன்றுமே இல்லை. வழவழவென்று லிஃப்ட்காரரின் தலையேதான். முன்னால் இருந்து பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் இருந்து பார்த்தால் லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்க பிறந்த தேதி என்ன?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

அவர் சொன்னார். அதுவும் ஒன்றேதான்.

பாதித்தலையர் சோப்பு விற்பனைப் பிரதிநிதி. முடி நடுகிற வேலையில் முன்பாதி முடிந்தபோது அவருடைய உத்தியோகம் போய்விட்டது, தவணை நின்றது. இப்போது வேறு வேலை கிடைத்துப் பணமும் சேர்த்துவிட்டார். பாக்கியைக் கட்டினால்தான் பின்பாதியை நட முடியும். ஆனால் கட்டப் போன இடத்தில் எல்லாம், உங்கள் பெயரில் கடனே இல்லை, நீங்கள் யார் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"கடைக்காரங்க எதிர்ல நின்னு சோப்பைப் பத்திப் பேசறவரைக்கும் பிரச்சனை இல்லை சார்" என்றார். "பேசி முடிச்சுட்டுத் திரும்பணுமே. பின்பக்கமாவே நடந்து வெளிய வர்றேன். ராஜ தர்பார்ல இருந்து வர்ற மாதிரி."

லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதிகாரியின் கவுண்டருக்கு ஓடினார். கடன்காரர் கிடைத்துவிட்டார், அவரே ஒப்புக்கொள்கிறார், பையில் பணத்தோடு நிற்கிறார். இனி என்ன தடை?

ஆட்சேபணை அதிகாரி இருவரையும் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய அதிகாரி நின்றபடியே பேசினார். பேசிப் பழகியவர்.

"அவர் தன் கடன் இல்லைங்கறார். இவர் தன் கடன்ங்கறார். ரெண்டு பேரும் சொல்லிட்டா ஆச்சா? கடன்ங்கறது பஸ்ல தவறவிட்ட குடை இல்ல, வந்து கேட்டவங்ககிட்ட எடுத்துக் கொடுக்க. எங்க பதிவுல கடனுக்கு ஒரு பேர் இருக்கு, ஒரு பிறந்த தேதி இருக்கு. ரெண்டும் பொருந்தற ஆள்தான் சரியான ஆள். உங்க ரெண்டு பேருக்குமே பொருந்துது. அப்ப ரெண்டு பேருமே சரியான ஆள்தான். இதுல தப்பு எங்க இருக்கு?"

"நாங்க வேற வேற ஆள் சார்" என்றார் பாதித்தலையர்.

"நல்லது. 'நான் அவர் இல்லை'ன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

போட்டுக் கொடுத்தார்கள். பெரிய அதிகாரி காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரே ஆள் ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார். "பேர் ஒண்ணா இருக்கே. இது செல்லாது."

"சார், எங்க முகத்தைப் பாருங்களேன்."

"முகம் பார்க்கற வேலையே எங்களுக்குக் கிடையாது. முகத்தைப் பார்த்தா பரிதாபம் வரும். ஓரவஞ்சனை வரும். ஆளைப் பார்க்காம மதிப்பு போடறதாலதான் இந்த நிறுவனத்துக்கு இவ்வளவு நல்ல பேர்." சொல்லிவிட்டுப் போகத் திரும்பியவர், ஏதோ ஞாபகம் வந்து நின்றார். "உங்கள்ல யார் லிஃப்ட் மெக்கானிக்? கீழ நம்ம லிஃப்டைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போங்களேன். ஏறி இறங்க உயிர் போகுது."

இருவரும் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பாதித்தலையர் தன் ரிப்போர்ட்டை எடுத்து அதால் விசிறிக்கொண்டார்.

"இதைப் பாருங்க. ஒரு கறுப்புப் புள்ளி இல்ல. பூராவும் பச்சை. முகவரிகூட இல்ல, 'புதுப்பிக்கப்படுகிறது'ன்னு இருக்கு. இந்த மதிப்பை வச்சு நான் என்ன பண்ண? பின்னந்தலையில ஒட்டிக்கவா?"

லிஃப்ட்காரர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். தன் பெயர் இருந்தது. தன் பிறந்த தேதி இருந்தது. தன் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பாதித்தலையரும் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு வீடு வேணும்" என்றார் பாதித்தலையர் மெதுவாக.

"உங்களுக்குக் கடன் வேணும்" என்றார் லிஃப்ட்காரர்.

பாதித்தலையர் பையைத் திறந்து பணக்கட்டை எடுத்து நீட்டினார். "அந்தக் காகிதம் உங்ககிட்டயே இருக்கட்டும். இதை உங்க கடனா நினைச்சு நீங்களே கட்டிடுங்க. ரசீதைக் கொடுங்க, அதைக் காட்டி நான் முடியை நட்டுக்கறேன்."

"பார்த்து அரைமணி நேரம்கூட ஆகலை. என்னை நம்பி இவ்வளவு பணம் கொடுக்கறீங்க?"

"பேர் என் பேர்தானே சார். எங்க போயிடப் போறீங்க?"

லிஃப்ட்காரர் கீழே இறங்கியதும் லிஃப்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார். கதவுக்கு அடியில் ஒரு பேனா மூடி மாட்டியிருந்தது. எடுத்துப் போட்டார், ஓடியது. 'பழுது' அட்டையைக் கழற்ற அதிகாரம் உள்ளவர் லீவில் இருந்ததால் அட்டை மட்டும் அங்கேயே தொங்கியது. யாரும் ஏறவில்லை.

மாசக் கடைசி நாளில் பல் டாக்டர் அம்மா புதுக் காகிதத்தை மேலும் கீழும் படித்தார். திருப்தி இல்லை. போனை எடுத்துப் பேரகத்துக்கே அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். வந்தது ஆட்சேபணை அதிகாரியின் குரல்.

"பேர் பொருந்துதும்மா. பிறந்த தேதி பொருந்துது. சரிபார்த்தாச்சு."

"போன தடவை வேற மாதிரி இருந்ததே. இவர்தானான்னு ஒரு தரம் ஆளைப் பார்க்க வேண்டாமா?"

"ஆளையெல்லாம் நாங்க பார்க்கறதில்லம்மா."

பல் டாக்டர் அம்மாவின் முகம் தெளிந்தது. சாவியை எடுத்தார். அப்போதுதான் லிஃப்ட்காரரின் பாழாய்ப்போன மனசாட்சி விழித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதிக்க மிதிக்க வாயைத் திறந்தார்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்த ரிப்போர்ட் வந்து..."

"பேசாதீங்க" என்றார் பல் டாக்டர் அம்மா. "முதல்லயே சொன்னேன்ல. ஆள் சொல்றதை நான் காதுல வாங்கறதில்லை." சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

குடிபோன அன்று மனைவி வாசலில் நின்று உள்ளே போனாள், வெளியே வந்தாள், உள்ளே போனாள். சாமான் இறக்க வந்த பாதித்தலையர், தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டபடி, அவள் ஒதுங்குகிறவரை ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக நின்றார். அவள் அன்று ஐந்தாறு தடவை தெருமுனைவரை போய் வந்தாள். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. சும்மாதான்.

குளியலறைக்கு மட்டும் கதவு இல்லை. லிஃப்ட்காரர் தன் கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த பழைய லிஃப்ட் கதவு ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிவந்து மாட்டினார். கனமான கதவு. நடுவில் நீளவாக்கில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தது.

"கடைசியில வீட்டுக்கு ஒரு லிஃப்ட் வந்துடுச்சு" என்றாள் மனைவி. "குளிக்கறவங்களை எல்லாரும் பார்க்கலாம்."

அவர் அலமாரியில் தேடித் தன் சொந்த ரிப்போர்ட்டை எடுத்தார். முடி நட்டவர், மருத்துவரை அணுகியவர், கட்டுவதாகச் சொன்னவர், தாமதமாகக் கட்டித் தீர்த்தவர் என்று எல்லாம் அதில் இருந்தது. இன்னும் ஏழு வருஷத்துக்கு அந்த வரிகளை யாராலும் அழிக்க முடியாது. எழுத்து உள்பக்கம் இருக்கும்படி நீளமாக மடித்து, கண்ணாடியில் வைத்து நாலு மூலையிலும் ஒட்டினார்.

மனைவி இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"பொருந்துது" என்றாள்.